வேலை பெர்மிட்டும் தோட்டத் தொழிலாளியும்



தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குத் தகரப் பெட்டியைத் தெரியாமல் இருக்காது. கல்யாணப் புடவை, பிள்ளையின் அரைஞாண், அடகுச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் அதில்தான் இருக்கும். அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பழைய உறை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதற்குள் அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், சில வீடுகளில் மங்கிப்போன ஒரு பாஸ்போர்ட். பெட்டியில் உள்ளவற்றுள் மிக மலிவாகத் தோன்றுவது அந்த உறைதான். ஆனால் நம் நாட்டு வரலாற்றில் ஒரு காலத்தில், ஒரு குடும்பம் இங்கேயே வாழலாமா, கப்பல் ஏற வேண்டுமா என்பதை அந்த உறையே தீர்மானித்தது. அக்காலத்தில் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்நாட்டை விட்டுப் போனார்கள்.

நம்மவர்கள் ‘வேலை பெர்மிட்’ என்று சொல்லிவந்த அந்த அனுமதிச் சீட்டின் வரலாற்றை இன்று பார்ப்போம். அது ஏன் வந்தது, எப்படி இறுகியது, தொழில் தெரிந்த ஆளை என்ன செய்தது, அவரை வேலைக்கு வைத்திருந்த தோட்ட நிர்வாகத்தை என்ன செய்தது என்பவையே நம் கேள்விகள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பால்மரம் வெட்டுவது ‘கூலி வேலை’ என்று பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். தொழில் தெரியாத ஆள் செய்யும் வேலை என்பது அதன் பொருள். உளியைப் பிடித்தவர்களுக்கு உண்மை தெரியும். பட்டையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். கோடு சரியான சாய்வில் இறங்க வேண்டும். குறைவாக ஆழ்ந்தால் பால் வடியாது. கூடுதலாக ஆழ்ந்தால் உளி உள்மரத்தைத் தொட்டுவிடும். அங்கே புண் உண்டாகும். புண் ஆறினாலும் பட்டை முண்டு முண்டாக வளரும். மறுபடி அந்த இடத்தில் நேராகக் கோடு போட முடியாது. நன்றாகச் சீவிய பட்டையே மீண்டும் வெட்டத்தக்கதாய் வளர ஆறேழு ஆண்டுகள் ஆகும். இதை இருட்டு விலகுமுன், விளக்கு வெளிச்சத்தில், நாளொன்றுக்குச் சுமார் 500 மரங்களில் செய்ய வேண்டும். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ஹென்றி ரிட்லி என்பவர் செய்து காட்டினார். அந்த முறையை லட்சக்கணக்கான ஏக்கரில் நாள் தவறாமல் நடத்திக் காட்டியவை தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆண் பெண்களின் கைகள். ஆகவே, தொழில் தெரிந்த தொழிலாளி என்று நாம் பேசும்போது, அந்தப் பட்டியலில் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் இடம் உண்டு. சட்டம் அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்ததா என்பதைப் பின்னர் காண்போம்.

ஆரம்ப காலத்தில் ஆள் வரவழைக்கும் பொறுப்பு முழுவதும் முதலாளியுடையது. சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கி நின்றது. தோட்ட நிர்வாகம் கங்காணிக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பும். அவர் தம் கிராமத்தாரையும் உறவினரையும் சேர்ப்பார். சேர்ந்தவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கிக் கப்பல் ஏறுவார்கள். கப்பல் செலவுக்கென்றே 1907இல் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும், தம்மிடமுள்ள ஆட்களின் கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்தே தொழிலாளியின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வருகிறவருக்குக் காகிதம் ஏதும் தம் கையில் இருக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. லைசென்ஸ் கங்காணியிடம் இருந்தது, பெயர்ப் பதிவு கிராணியிடம் இருந்தது, கணக்கு துரையிடம் இருந்தது. இந்தியாவும் மலாயாவும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தபடியால், தமிழர் ‘பிரிட்டிஷ் பிரஜை’யாக வந்தார்கள், போனார்கள், மறுபடியும் வந்தார்கள். வேலை இருந்தவரை எவரும் அவரை ‘உன் பத்திரம் எங்கே?’ என்று கேட்டதில்லை. கேட்காத காலத்தில் எடுத்து வைக்காத பத்திரம்தான், கேட்ட காலத்தில் இல்லாமற் போயிற்று.

வாசல் எப்போதும் திறந்தே இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னர் விலை ஏறியதும் மீண்டும் ஆள் தேவைப்பட்டது. தொழிலாளர் நிலையைப் பார்த்தறிய இந்திய அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியாரை 1936ஆம் ஆண்டு இறுதியில் இங்கு அனுப்பியது. 1938இல் தோட்ட முதலாளிகள் மறுபடியும் கூலியைக் குறைத்தார்கள். அதன் விளைவாக, அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கமே தடை செய்தது. அந்த முறை கதவைச் சாத்தியது இந்தியா. சொந்தச் செலவில் வருவோர் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.

போர் முடிந்தபின் மலாயாவே தன் கதவைச் சாத்தத் தொடங்கியது. 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. இந்நாட்டின் வாணிபத்துக்கோ தொழில் வளர்ச்சிக்கோ பயன்படும் தகுதி உடையவர், இங்கே கிடைக்காத சிறப்புத் தொழில் தெரிந்தவர், இங்குள்ளவரின் மனைவி மக்கள் என்று சில வகையினருக்கு மட்டும் அனுமதி. ஒப்பந்தத்தின் பேரில் வேலைக்கு வருபவராயின், குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத சம்பளமும் இருக்க வேண்டும்.

நேயர்களே, இந்த 500 வெள்ளியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்நாளில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி மாதம் முழுவதும் ஓய்வின்றி உழைத்தாலும் அதில் கால்வாசியைக் கண்ணால் காண்பது அரிது. கணக்கரும் பொறியாளரும் பெரிய கம்பெனி அதிகாரிகளும் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றார்கள். உளி பிடித்தவர் கீழே நின்றார். திறமையைச் சம்பளத்தால் அளப்பது என்ற வழக்கம் அன்றைக்கே வந்துவிட்டது. யாருடைய சம்பளம் குறைவோ, அவருடைய தொழில் தொழிலே அல்ல என்று கொள்ளப்பட்டது. கூலியைக் குறைவாகக் கொடுத்தவர்கள் முதலாளிகள். அந்தக் குறைந்த கூலியே பின்னர் தொழிலாளியின் திறமைக்கு எதிரான சாட்சியாக நின்றது. 1959இல் விதிகள் இன்னும் இறுகின. ஊருக்குப் போய்வர வேண்டுமானால், திரும்பி நுழைவதற்கான அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டிய நிலை வந்தது.

இதற்கிடையில் நாடு சுதந்திரம் பெற்றது. 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதியிலும் அதன் பிறகும் இங்கே பிறந்த குழந்தைகள் சட்டப்படியே குடிமக்கள் ஆனார்கள். 1962இல் இவ்விதி திருத்தப்பட்டு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டில் பிறந்து இங்கு நெடுநாள் வாழ்ந்தவர்களும், தாங்களே விண்ணப்பம் செய்து குடியுரிமை பெற வேண்டும். முதல் ஓராண்டில் விண்ணப்பித்த பலருக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது.

அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். தவறவிட்டவர்களும் ஏராளம். ஏன் தவறவிட்டார்கள்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. விண்ணப்பம் கொடுக்கப் பட்டணம் போனால் ஒரு நாள் கூலி போகும். பாரத்தை நிரப்ப எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்பு பதிவாகவே இல்லை. ‘இன்னும் நாலைந்து வருஷத்தில் ஊருக்குப் போய் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கிவிடலாம்’ என்று நம்பியவர்களும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நிரந்தரவாசிக்கும் நீல அடையாளக் கார்டு வைத்திருந்த குடிமகனுக்கும் தோட்டத்து வாழ்க்கையில் அன்று பெரிய வேறுபாடு தெரியவில்லை. இருவரும் ஒரே பிரட்டில் நின்றார்கள். இருவருக்கும் ஒரே கூலி. இருவரின் பாலும் ஒரே ஸ்டோரில் நிறுக்கப்பட்டது.

அந்த வேறுபாடு தெரியவந்தது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால்.

வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். குடிமகனல்லாத ஒருவர் இந்நாட்டில் வேலை செய்ய வேண்டுமானால் அவருக்கு வேலை பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாத ஒருவரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்திருக்கக் கூடாது. மீறினால் இருவர்மீதும் குற்றம். 1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் பாராளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சி நடத்திய நேரத்தில் இந்தச் சட்டம் கண்டிப்பாக அமலாக்கப்பட்டது.

இதற்கு அரசாங்கம் கூறிய காரணத்தையும் நாம் நேர்மையுடன் கேட்க வேண்டும். அந்நாளில் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. பள்ளியை முடித்த இளைஞர்கள் வேலையின்றி அலைந்தார்கள். அவர்களுள் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. குடிமக்களுக்கு முதலில் வேலை தேடிக் கொடுப்பது எந்தச் சுதந்திர நாட்டுக்கும் உள்ள கடமை. சிங்கப்பூரும் 1965இல் இதுபோன்ற சட்டம் செய்து, மாதம் 750 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் சம்பளம் வாங்கிய, குடிமக்களல்லாதோர் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. ஆகவே, சட்டம் செய்ததைப் பற்றி வாதிடுவது நம் நோக்கமன்று. நேற்று வந்து இறங்கியவரையும், முப்பது நாற்பது ஆண்டுகளாக இம்மண்ணில் உழைத்தவரையும் அது ஒரே தராசில் நிறுத்தது என்பதே நாம் வருந்த வேண்டிய விஷயம்.

பெர்மிட் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நேற்றுவரை தோட்டம் பிடிக்கவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போகலாம். தொழிலாளியிடம் இருந்த மிகப் பெரிய பலம் அதுதான். பெர்மிட் வந்தபின் அந்தப் பலம் போயிற்று. வேலை போனால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் பிழைப்பு போகும். பிழைப்பு போனால் லயத்து வீடும் போகும். இப்படி நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. நியாயக் கூலி கேட்கவும் சங்கத்தில் முன் நின்று பேசவும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளிகளின் நிலை என்ன? அவர்களுக்கும் இது சுலபமாக இல்லை. பல தலைமுறையாகக் கையில் இருந்த ஆட்களுக்கு இப்போது பாரம் எழுதி, காரணம் காட்டி, அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. கிராணியின் மேசையில் செக்ரோலோடு பெர்மிட் பட்டியலும் சேர்ந்தது. 1960களில் ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. பல பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டிருந்தன. இந்த நிலையில் சில நிர்வாகங்கள் தங்கள் பழைய ஆட்களுக்காக மெனக்கெட்டு விண்ணப்பம் செய்தன. வேறு சில, ஆள் குறைக்க இதுவே நல்ல சாக்கு என்று கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டன. பெர்மிட்டுக்கு ஜவாப்தாரி முதலாளி என்று ஆகும்போது, தொழிலாளியின் தலையெழுத்து துரையின் நல்ல மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. சட்டம் எல்லாருக்கும் ஒன்று. ஆனால் அது அடுத்தடுத்த தோட்டத்தில் இருவேறு விதமாக விடிந்தது.

இங்கே என் சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்த சமயம். எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்காரரை நாங்கள் ‘பெரியப்பா’ என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வயதில் மாமனோடு கப்பலில் வந்தவர். அவர் வெட்டிய மரத்தைத் தண்டல் அடுத்தவருக்குக் காட்டி, ‘இப்படிப் போடுங்கள் கோட்டை’ என்று சொல்வார். என் அப்பாவுக்கு உளி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. அவருக்கும் பெரியம்மாவுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு. மூத்த மகன் 1958இல் பிறந்தவன். அவன் பிறப்பால் குடிமகன்.

முதல் முறை பெர்மிட் கிடைத்தது. இரண்டாம் முறை இல்லை என்று பதில் வந்தது. அன்று மாலை பெரியப்பா ஆபீசு வாசலில் வெகுநேரம் நின்றிருந்தார். என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என்ன சொல்வது என்று கிராணிக்கும் தெரியவில்லை. பையன் இங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தியாவைத் தெரியாது. அவனை அழைத்துப் போனால் அவன் நீல அடையாளக் கார்டுக்கு என்ன ஆகும் என்ற பயம் வேறு. கடைசியில் பையனை அவனுடைய சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு, சின்னப் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பினாங்குத் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பல் நின்றது. 1926ஆம் ஆண்டு முதல் நம் மக்களை ஏற்றி வந்த கப்பல் அது. அந்த வருஷங்களில் அது மக்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போயிற்று.

புறப்படுவதற்கு முந்தைய நாள்கூடப் பெரியப்பா வேலைக்குப் போனார். ‘நாளைக்குப் போகிற ஆள் இன்றைக்கு எதற்கு அண்ணே?’ என்று அப்பா கேட்டார். ‘மரம் என்ன பாவம் செய்தது, ஒரு நாள் வெட்டு வீணாகக் கூடாதல்லவா?’ என்றாராம். அவருடைய நிறையில் அடுத்த வாரம் ஒரு புதிய பையனை விட்டார்கள். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு ஆழம் தெரியவில்லை. சில மாதங்களில் அந்த நிறை முழுவதும் உள்மரம் தெரியப் புண்ணாகிக் கிடந்ததை நானே பார்த்தேன்.

அந்தப் புண்தான் நான் முதலாளிகள் பக்கத்திலிருந்து காட்ட விரும்பும் இழப்பு. ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் என்று கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் இருபது ஆண்டுப் பழக்கம் ஒரு கையிலிருந்து மறு கைக்குக் காகிதத்தில் மாறுவதில்லை. பழகிய கைகள் போனபின் பல தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை தலைகாட்டியது. நம் பிள்ளைகளில் பலர் படித்துப் பட்டணத்துக்குப் போனார்கள். குறைந்த கூலிக்குத் தோட்டத்தில் நிற்க உள்ளூர் இளைஞர் அதிகமாக முன்வரவில்லை. நிர்வாகங்கள் நேரடி வேலையைக் குறைத்துக் குத்தகையாளர் மூலம் ஆள் வைக்கும் பழக்கத்தை வளர்த்தன. 1970களில் இந்தோனேசியாவிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். 1984இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடான் நகரில் இதற்கென ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டன. ஒரு வாசல் வழியாக அனுபவசாலிகளை அனுப்பிவிட்டு, சில ஆண்டுகளில் மறு வாசல் வழியாகப் புதியவர்களை அழைக்க வேண்டிவந்தது என்பதே இதன் சுருக்கம்.

இவ்வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. இன்று ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனை நிற்கிறது. நாம் இருந்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கிறார்கள். 2020இல் கோவிட் நோய் பரவியபோது வெளிநாட்டுத் தொழிலாளரைப் புதிதாக எடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. குலை வெட்ட ஆளில்லாமல் பழம் மரத்திலேயே அழுகியது. 2021 செப்டம்பரில், தோட்டத் துறைக்கு மட்டும் 32,000 வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க அரசாங்கம் தனி அனுமதி வழங்க வேண்டியதாயிற்று. உயரமான செம்பனையில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால், பழுத்த குலையை மட்டும் பார்த்து வெட்டுவதும் பழகிய கைக்கே வரும் தொழில்தான். அதையும் பதிவேடு இன்றுவரை சாதாரண வேலை என்றே எழுதுகிறது.

படித்து உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல், வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு வேலைப் பாஸ் கேட்டால் புள்ளி போட்டுப் பார்க்கிறார்கள். 40 புள்ளி கிடைத்தால்தான் தேறலாம். அவருடைய சம்பளத்துக்கும் படிப்புக்கும் புள்ளி உண்டு. அது மட்டுமன்று. அவரை அழைக்கும் நிறுவனம் உள்ளூர் மக்களை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறது என்பதற்கும் புள்ளி உண்டு. அதாவது, வருகிறவரோடு அழைக்கிறவரும் பரீட்சைக்கு உட்கார வேண்டும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் ஆள் கேட்பது மட்டுமே முதலாளியின் வேலையாக இருந்தது. இப்போது உள்ளூராரை வேலைக்கு வைத்திருக்கிறாரா என்ற கேள்விக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் திறமைக்குப் பெரிய அளவுகோலாகச் சம்பளமே இருக்கிறது. 1953இன் 500 வெள்ளி இன்றும் வேறு தொகையாக உயிரோடு இருக்கிறது என்றே சொல்லலாம்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

முதலாவது, சட்டம் இறுகுவதற்கு முந்தைய அமைதியான ஆண்டுகளே பத்திரம் எடுப்பதற்கு உரிய ஆண்டுகள். பெர்மிட் வந்தபின் பதிவு இலாகா வாசலில் வரிசை பிடித்தவர்கள் பலர். அதற்குப் பத்தாண்டுக்கு முன் அதே வாசல் அகலமாகத் திறந்திருந்தது. இன்றும் நம்மிடையே பிறப்புப் பதிவு இல்லாமல், நீல அடையாளக் கார்டு இல்லாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டியின் பத்திரம் இல்லாததால் தாயின் பத்திரம் தடைப்பட்டு, தாயினுடையது இல்லாததால் பேரப்பிள்ளையின் பள்ளிப் பதிவு தடைப்படுவதைக் காண்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பிறந்த ஆஸ்பத்திரி, தோட்டத்துப் பதிவு, பள்ளிச் சான்று, உடன் வாழ்ந்தவர்களின் வாக்குமூலம் என்று கிடைப்பதையெல்லாம் ஒன்று சேர்த்து, விவரம் தெரிந்தவரின் துணையோடு பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் பிள்ளை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாலும் இதையே சொல்லி அனுப்புங்கள். ஒருவருடைய பாஸ்போர்ட்டை மற்றவர் வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். நம் முன்னோருடைய பெயர் கிராணியின் புத்தகத்தில் மட்டும் இருந்ததால் என்ன நேர்ந்தது என்று பார்த்தோம்.

மூன்றாவது, நாம் பட்டதை நாம் மறக்கக் கூடாது. இன்று பக்கத்து லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியைப் பார்த்து, ‘பெர்மிட் பையன்’ என்று நம் பிள்ளைகள் கேலி செய்தால், அவர்களுக்கு ரஜூலா கப்பலைப் பற்றிச் சொல்லுங்கள். அவனுக்கும் ஒரு தொழில் தெரியும். அவனுக்கும் ஊரில் ஒரு தகரப் பெட்டி இருக்கும்.

அடுத்த வீட்டுப் பெரியப்பா திரும்பி வரவில்லை. ஊரிலிருந்து சில கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி வரியில் அவர், ‘என் நிறை மரம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருப்பார். அப்பா ஒவ்வொரு முறையும், ‘நன்றாக இருக்கிறது’ என்றே பதில் எழுதச் சொன்னார். எழுதியவன் நான்.